நீக்கப்பட்ட ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மறைந்த ஆசிரியர்களையும் வழிகாட்டிகளையும் பற்றி நினைவஞ்சலி எழுதுகிறவர்கள் அவர்களுடைய மத நம்பிக்கையைத் தவிர்த்துவிட்டு, பணியையும் பண்பையும் மட்டும் எழுதினால் போதும் என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். நம்பிக்கை தனிப்பட்ட விஷயம், அதைப் பொதுவில் எழுதினால் பிரசாரமாகிவிடும், பிற மதத்தைச் சேர்ந்த வாசகர்கள் விலகிப்போவார்கள் என்று அவர் காரணங்கள் சொல்லியிருந்தார். அவருடைய அக்கறை நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கருத்து நடைமுறைக்கு வரும்போது என்ன ஆகிறது என்பதை நேரில் அனுபவித்தவன் என்ற முறையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கட்டமைப்புப் பொறியாளனாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். நான் கிறிஸ்தவன் அல்லன், இனியும் ஆகப்போவதில்லை. எனக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் கிறிஸ்தவர். அவர் மறைந்தபோது எங்கள் தொழில் சார்ந்த இதழ் ஒன்றுக்கு ஒரு நினைவஞ்சலி எழுதி அனுப்பினேன். அவர் கிறிஸ்தவர் என்பதைச் சொன்ன ஒரே ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வெளியிட்டார்கள். அச்சில் வந்த கட்டுரையில் அவர் நேர்மையானவர், கவனமானவர், இளையவர்களிடம் அன்பாகப் பழகியவர் என்றெல்லாம் இருந்தது. அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் படித்து முடித்தபோது, எந்த நல்ல பொறியாளருக்கும் பொருந்தக்கூடிய ஒரு நற்சான்றிதழைத்தான் நான் கையில் வைத்திருந்தேன். என் ஐயா அதில் இல்லை.

ஏன் இல்லை என்பதை விளக்க, ஒரு மாலைப்பொழுதைச் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. ஒரு கட்டடத்தின் முகப்பில், தூண் ஏதுமில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் தளத்துக்கான வரைபடத்தை நான் வரைந்திருந்தேன். இருபுறமும் தாங்கல் உள்ள தளத்தில் நடுப்பகுதி தொய்வதால் அடிப்பக்கம் இழுபடும். அதனால் முக்கியக் கம்பிகள் அடியில் இருக்கும். ஒருபுறம் மட்டும் பிடித்து நிற்கும் தளத்திலோ மேற்பக்கம்தான் இழுபடும். கம்பிகள் மேலே இருந்தாக வேண்டும். முதலாண்டு மாணவனுக்கும் தெரிந்த பாடம் இது. அவசரத்தில் நான் கம்பிகளைக் கீழே வரைந்துவிட்டேன். அவர் அன்று வேறு வேலைகளின் நெருக்கடியில் கையெழுத்திட்டுவிட்டார். கம்பி கட்டுகிறவர்கள் வரைபடத்தில் இருந்தபடியே கட்டிவிட்டார்கள். மறுநாள் காலை கான்கிரீட் போட வேண்டும்.

கான்கிரீட் போடுவதற்கு முந்தைய மாலை தளத்தைப் போய்ப் பார்ப்பது அவருடைய வழக்கம். கையில் டார்ச் லைட்டுடன் பலகையின்மேல் முழங்காலிட்டு உட்கார்ந்து, கம்பிக்கும் பலகைக்கும் நடுவே விரல்களை நுழைத்து இடைவெளியை அளப்பார். அந்த இடைவெளியைக் காப்பதற்காக வைக்கும் கவர் பிளாக் ஒன்று நகர்ந்திருந்தால் தானே சரிசெய்வார். அன்று முழங்காலிட்டவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, டார்ச் வெளிச்சத்தை மேற்புறத்தில் வெறுமையாகக் கிடந்த இடத்தில் காட்டினார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. எனக்குப் புரிவதற்கு ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்த பிறகு நிற்க முடியவில்லை. முட்டுகளை எடுத்த அன்றே அந்தத் தளம் விழுந்திருக்கும். அதற்கடியில் யார் நின்றிருப்பார்கள் என்பதை இன்றுவரை நான் எண்ணிப் பார்க்கிறேன்.

மறுநாள் வேலையை நிறுத்தினார். கட்டடத்தின் உரிமையாளரிடம் சென்று, வரைபடத்தில் தவறு இருக்கிறது, அதில் என் கையெழுத்து இருக்கிறது, ஆகவே தவறு என்னுடையது என்றார். என் பெயரை அவர் சொல்லவே இல்லை. என்னை வேலையிலிருந்து அனுப்பிவிடுவார் என்று ஒரு வாரம் காத்திருந்தேன், அவர் அந்தப் பேச்சையே எடுக்காததால் நானே அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்று, "ஐயா, என்னை ஏன் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னது: "தம்பி, இதற்கு எனக்குத் தெரிந்த பதில் என் வேதத்திலிருந்துதான் வருகிறது. உனக்குச் சம்மதம் என்றால் சொல்கிறேன். வேண்டாம் என்றால் வேலை நிலைத்திருக்கிறது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு போ."

வாசகர் அஞ்சுகிற பிரசாரத்தைப் பற்றி இந்த இடத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை இரண்டு ஆண்டுகளில் அவர் தம் நம்பிக்கையைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. பிற்காலத்தில் காரணம் கேட்டபோது, "உன் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவன் நான். நான் முதலில் பேசினால், நீ மறுக்க முடியாத இடத்தில் நின்று கேட்க வேண்டியிருக்கும்" என்றார். கேட்டால் மட்டுமே பேசுவது, கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்வது என்பதை அவர் கடைசிவரை கடைப்பிடித்தார். மேலதிகாரியின் மதத்தைச் சகித்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டிய நிலை எவருக்கும் வரக் கூடாது என்பதில் அந்த வாசகரும் அவரும் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

நான் சொல்லச் சொன்னேன். லூக்கா சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தைத் திறந்தார். கட்டடத் தொழிலில் இருக்கும் கிறிஸ்தவர் என்றால், கன்மலையின்மேல் வீடு கட்டியவனையும் மணலின்மேல் கட்டியவனையும் பற்றிய உவமையைத்தான் சொல்வார் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். அவர் காட்டியது வேறு. எருசலேமில் சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்துபோனதை இயேசு பேச்சினூடே குறிப்பிடுகிறார். நான்கு சுவிசேஷங்களில் லூக்காவில் மட்டுமே இருக்கும் செய்தி அது. அந்த 18 பேரும் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, அப்படியல்ல என்று இயேசுவே பதிலும் சொல்கிறார்.

"விபத்தில் செத்தவன் ஏன் செத்தான் என்று உயிரோடு இருக்கிறவர்கள் ஆராய்வதை என் ஆண்டவர் அந்த ஒரே சொல்லில் நிறுத்திவிட்டார்" என்றார் ஐயா. பிறவிக்குருடன் ஒருவனைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும் இரண்டுமில்லை என்றே இயேசு சொன்னதையும், அந்த மனிதன் கண்களைக் கழுவப் போன குளமும் இதே சீலோவாம்தான் என்பதையும் யோவானின் 9ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்துக் காட்டினார். துன்பம் வந்தவனைப் பார்த்து அவன் கணக்கைப் பரிசோதிக்கும் உரிமை தமக்கில்லை என்பது அவருடைய விசுவாசத்தின் முதல் விதியாக இருந்தது. துன்பத்தை அருகிலிருந்து பார்க்கிறவர்கள் பலரும் இந்த விதியை மீறுவதை நான் பார்த்திருக்கிறேன். எல்லா மதங்களிலும் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்தப் பகுதி அத்துடன் முடியவில்லை, நீங்கள் மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்று இயேசு தொடர்ந்து சொல்கிறார். ஐயா அந்தக் கடினமான வாக்கியத்தை எனக்காக மென்மைப்படுத்தவில்லை. மனந்திரும்புதல் என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள மெட்டனோயா என்ற சொல்லுக்கு மனம் மாறுதல், எண்ணத்தைத் திருப்பிக்கொள்ளுதல் என்று பொருள் என்றும், விழுந்த கோபுரம் இறந்தவர்களைப் பற்றி எதையும் நிரூபிக்கவில்லை, ஆனால் நிற்கிறவர்களிடம் ஒன்றைக் கேட்கிறது என்றும் சொன்னார். தொழிலை வைத்துச் சொன்னால், அடுத்த வரைபடத்தைத் திரும்பப் பார் என்று கேட்கிறது.

அதே அதிகாரத்தில் அடுத்து வருவது ஓர் அத்திமரத்தின் கதை. மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி வந்தும் ஒன்றும் காணாத தோட்டத்தின் சொந்தக்காரன், மரத்தை வெட்டிப்போடச் சொல்கிறான். அங்கே வேலை செய்கிறவன், இந்த ஆண்டும் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன், கனி கொடுத்தால் சரி, இல்லாவிட்டால் அப்புறம் வெட்டலாம் என்று கெஞ்சுகிறான். "கதை அங்கேயே நிற்கிறது, தம்பி. மரம் காய்த்ததா, காய்க்கவில்லையா என்று லூக்கா எழுதவில்லை. எனக்கு ஒருவர் இப்படி ஓராண்டு கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று நம்புகிறேன். அந்த ஆண்டுக்குள்தான் நான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன். அப்படியிருக்கும்போது உனக்கு நான் ஓராண்டு கொடுக்காமல் எப்படி இருப்பது?" என்றார். நான் வேலையில் நீடித்ததற்கான காரணம் இவ்வளவுதான். என் திறமையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு அப்போது ஒன்றும் இருக்கவுமில்லை.

கொத்தி எருப்போட்டதும் உண்மையாகவே நடந்தது. அடுத்த ஆறு மாதங்கள், அலுவலக நேரம் முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம், சுமை வரும்போது எந்தப் பக்கம் இழுபடுகிறது, எந்தப் பக்கம் அழுந்துகிறது என்பதை ஒவ்வொரு உத்தரத்துக்கும் தளத்துக்கும் பென்சிலால் கையாலேயே வரைய வைத்தார். தவறான கோட்டுக்குப் பக்கத்தில் சிறிய கேள்விக்குறி ஒன்றைப் போடுவார். திருத்தி எழுத மாட்டார். அந்தத் தாள்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

வாழ்க்கையின் அர்த்தம் என்ன என்று இளமைக்கே உரிய பிடிவாதத்துடன் அவரிடம் ஒருமுறை கேட்டேன். அந்தச் சொற்றொடர் அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லாச் சுமைகளையும் கூட்டி அடியில் ஒரு கோடு போட்டு விடை எழுதுவதுபோல வாழ்க்கைக்கு ஒரு மொத்தத் தொகை இருக்கிறது என்று நினைக்க வைக்கிறது என்றார். பிறகு வேதத்தில் உள்ள பிரசங்கியின் புத்தகத்துக்கு வந்தார். 12 அதிகாரங்களே உள்ள அந்தச் சிறிய நூல் மாயை என்ற சொல்லோடு தொடங்கி, ஏறக்குறைய முடியும் இடத்திலும் அதே சொல்லுக்கே திரும்புகிறது. தமிழில் அதைப் படிக்கும் எவருக்கும், உலகம் பொய்த்தோற்றம் என்ற தத்துவம்தான் உடனே நினைவுக்கு வரும், எனக்கும் வந்தது. ஆனால் எபிரெய மூலத்தில் உள்ள ஹேபெல் என்ற சொல்லின் நேர்ப்பொருள் மூச்சு, நீராவி, புகை என்பதே என்று அவர் விளக்கினார். ஆதாமின் இரண்டாவது மகனுக்கு, வாரிசு பற்றிய குறிப்பே இல்லாமல் கொல்லப்பட்ட ஆபேலுக்கு, எபிரெயத்தில் இட்ட பெயரும் இதே சொல்தான். "மூச்சு பொய்யா, தம்பி? மூச்சு உண்மை. பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். பிடித்து வைக்க முடியாததால் அதற்கு மதிப்பில்லை என்று நினைத்தவன்தான் ஏமாந்தவன்." அவருடைய இந்த விளக்கத்தைப் போல என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது வேறொன்றுமில்லை. அவருடைய கடவுளை ஏற்காத எனக்கும் அது அப்படியே பொருந்தியது.

கட்டடங்களும் நிலைக்காது என்பதை அவர் அறிந்திருந்தார். கான்கிரீட் தன் வலிமையைக் காட்ட 28 நாட்கள் காத்திருந்து சோதிக்கிறோம். அதன்பின் பல பத்தாண்டுகள் நிற்கும். ஈரமும் காற்றும் உள்ளே புகுந்து கம்பி துருப்பிடித்தால் பெயர்ந்து விழும். ஒருநாள் இடிக்கப்படப்போகும் ஒன்றை ஏன் இத்தனை கவனமாகக் கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு, தொடக்ககாலத் திருச்சபையின் போதகரான பவுல் கொலோசெ நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு எழுதிய நிருபத்தின், அதாவது கடிதத்தின், 3ஆம் அதிகாரத்தைச் சொல்வார். மனிதர் பார்வைக்கு ஊழியம் செய்யாதீர்கள், எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாகச் செய்யுங்கள் என்று வரும் பகுதி அது. கான்கிரீட் மூடிவிட்ட பிறகு உள்ளே இருக்கும் கம்பியை எவரும் பார்க்க மாட்டார்கள் என்பதால், பார்வைக்கு ஊழியம் செய்வதற்கு எங்கள் தொழிலைவிட வசதியான தொழில் இல்லை. அந்த முழங்காலும் டார்ச்சும் விரல்களும் இந்த வசனத்திலிருந்து வந்தவை.

அந்த அறிவுரை அடிமைகளைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்பதையும் அவரே எனக்குச் சொன்னார். அடிமை முறையைக் கண்டிக்காமல் அடிமைக்கு உழைக்கக் கற்றுக்கொடுப்பது தமக்கு உறுத்துகிறது என்றும், எஜமான்கள் இந்த வசனத்தைத் தமக்குச் சாதகமாகக் காலங்காலமாகப் பயன்படுத்தியதைத் தாம் மறக்கவில்லை என்றும், அதனால் இதைத் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வாரே தவிர, தமக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் சொல்லி அதிக வேலை வாங்க மாட்டார் என்றும் சொன்னார். அவருடைய விசுவாசம் கேள்விகளை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட விசுவாசம் அன்று. அதைச் சொல்லாமல் விடுகிறவர்கள் இந்தப் போராட்டத்தையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்கள்.

அவருடைய மனைவி நெடுங்காலம் நோயுற்றிருந்து இறந்தார். துக்கம் விசாரிக்க வந்த சபையார் சிலர் எல்லாம் தேவனுடைய சித்தம் என்று ஆறுதல் சொன்னார்கள்; அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். எல்லாரும் போன பிறகு வேதத்தைத் திறந்து அதிலுள்ள ஜெபப்பாடல்களில் ஒன்றான 88ஆம் சங்கீதத்தை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார், தமக்குக் கண்ணாடி வேண்டாம் என்றார். புலம்பலாகத் தொடங்கும் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவதற்குள் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை, இருளிலேயே முடிகிறது. நான் வாசித்து நிறுத்தியதும் அடுத்த பக்கம் போக வேண்டாம் என்று கையைக் காட்டினார். இப்படியொரு ஜெபத்தையும் வேதத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதே இன்றைக்குத் தமக்குப் போதும் என்றார். அன்று இரவு அவரோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வேறு எதுவும் பேசவில்லை.

அவர் நம்பியதையெல்லாம் நான் நம்பவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இயேசு மரித்தோரிலிருந்து எழுந்தார் என்பதும், தாமும் ஒருநாள் எழுவோம் என்பதும் அவருக்கு உவமை அன்று, நடந்ததும் நடக்கப்போவதுமான செய்தி. அது பொய்யென்றால் தம் நம்பிக்கை முழுவதும் வீண் என்று பவுலைப் பின்பற்றி அவரே ஒப்புக்கொள்வார். எத்தனையோ முறை பேசியும் என்னால் அங்கே அவரோடு போக முடியவில்லை. அதற்காக அவர் என்மீது வருத்தப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. எனக்காக ஜெபிப்பதை நிறுத்தினார் என்றும் தோன்றவில்லை. இரண்டையும் நான் அன்பாகவே எடுத்துக்கொண்டேன்.

இத்தனையும் எழுதியது, தங்கள் வாசகரின் கருத்துக்கு மறுப்பாக ஒன்றைச் சொல்வதற்காகவே. நினைவஞ்சலி எழுதுகிறவர் தம் மதத்தைப் பரப்ப அதைப் பயன்படுத்தினால் ஆசிரியர் குழு அதைத் தாராளமாக வெட்டட்டும். மறைந்தவர் எதை நம்பி வேலை செய்தார், எதன் பொருட்டுத் தவறைத் தன்மீது ஏற்றுக்கொண்டார், எந்தச் சொற்களைக் கொண்டு இறப்பைத் தாங்கினார் என்பது அப்படியல்ல. அது அவருடைய வரலாறு. அவர் இந்துவாக இருந்தாலும், இஸ்லாமியராக இருந்தாலும், கடவுளை மறுத்த பகுத்தறிவாளராக இருந்தாலும் இதையே சொல்வேன். கடவுளை மறுத்து நேர்மையாக வாழ்ந்த ஒருவரின் மறுப்பை நீக்கிவிட்டு நேர்மையை மட்டும் அச்சிட்டால், அவருடைய மாணவர்கள் எவ்வளவு கோபப்படுவார்களோ, அந்த அளவுக்கு நானும் கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறது. நேர்மை, கவனம், அன்பு என்று பொதுச்சொற்களால் ஒருவரை மெழுகிவிடுவது எல்லாருக்கும் ஏற்புடையதாக இருக்கலாம். ஆனால் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞனுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. நேர்மையாக இரு என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். சீலோவாமில் விழுந்த கோபுரத்தை ஒருவர்தான் காட்டினார்.

ஆகவே தங்கள் நாளிதழ் இனி வெளியிடும் நினைவஞ்சலிகளில் இத்தகைய வரிகளை இடநெருக்கடியையோ பொதுத்தன்மையையோ காரணம் காட்டி நீக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தொழில் இதழில் அச்சாகாமல் போன என் வரியை இங்கே தருகிறேன். இடமிருந்தால் இதையாவது வெளியிடுங்கள்:

"அவர் கிறிஸ்தவர், சீலோவாம் கோபுரத்தின் அடியில் இறந்துபோன 18 பேரை நினைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் முந்தைய மாலை அவர் முழங்காலிட்டுக் கம்பிகளைப் பார்த்தார்."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர்